கேட்டுப்போட்டுக் கதையுங்கோ

ஈழத்துப் பாட்டுகளைப் பற்றின கூட்டத்தில ஒரு பெடியனைக் கதைக்க விடாமல் இருத்தின வீடியோவை எல்லாரும் பாத்திருப்பியள், திருப்பி விளங்கப்படுத்தத் தேவையில்லை. உடன எழுதினா கோவத்தில எழுதினவள் எண்டுவியள் எண்டு ஆறப்போட்டன். ஆறேல்லை.

அந்தப் பெடியன் என்ன குற்றம் செய்தவன்? ஈழத்துப் பாட்டுகளைப் பற்றிக் கதைக்கேக்க எம்.ஐ.ஏ. எண்ட பேரில ரப் பாடுற மாயாவின்ர ‘அருளர்’ அல்பத்தையும் சேர்க்க வேணும் எண்டான். அவ்வளவுதான். “உது எங்கட பாட்டில்லைத் தம்பி, இரும்” எண்டு மைக்கை வாங்கியாச்சு. மேடையில இருந்தவையின்ர சிரிப்பு வேற.

ஐயாமாரிட்ட ஒண்டு கேக்கிறன். அந்த அல்பத்தைக் கேட்டனீங்களோ? முதல் பாட்டில இருந்து கடைசி மட்டும்? முழுக்கவும் நாப்பது நிமிசம் வராது. அண்டைக்கு வரவேற்புரையே அதைவிட நீளம்.

“லண்டன்காரி” எண்டு ஒருத்தர் கொமெண்ட் போட்டிருக்கிறார். ஓம், 1975 இல லண்டனிலதான் பிறந்தவ. கைக்குழந்தையா இஞ்ச யாழ்ப்பாணத்துக்கு வந்து, இஞ்ச பள்ளிக்கூடம் போய், 1986 இல அகதியாத் திரும்பிப் போனவ. முப்பது வருசமாக் கனடாப் பனிக்க இருந்து எழுதிற அண்ணைமார் ஈழத்துக் கவிஞர், இவ லண்டன்காரி. நல்ல கணக்கு.

அல்பத்தின்ர பேர் என்ன? தகப்பன்ர இயக்கப் பேர். புலிகள் இல்லாத வேற இயக்கமான ஈரோஸைத் தொடங்கினவையில ஒருத்தர், ‘லங்கா ராணி’ நாவல் எழுதின அருளர். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரைப் புலி எண்டு எழுதித் தள்ளினதுகள். அதுகளுக்குத் தெரியாது, விடுங்கோ. உங்களுக்குமோ?

2005 இலதான் அல்பம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டு திறந்திருந்த காலம். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில இருந்து வந்த மச்சாள்தான் சீடியைக் கொண்டு வந்தவ. எனக்குப் பாதி விளங்கேல்லை, ஆனா நிப்பாட்ட மனமில்லை. அப்பா வாசலில நிண்டு “உதென்ன தகரத்தில தட்டுற சத்தம்?” எண்டார். பிறகு அட்டையை வாங்கிப் பாத்திட்டு, “அருளர் எண்டா... எங்கட அருளரோ?” எண்டார். மச்சாள் ஓம் எண்டவுடன கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டார். பாட்டு அவருக்குப் பிடிச்சுது எண்டு பொய் சொல்லமாட்டன். சந்தியில ஆமி நிக்கிறான், சத்தத்தைக் குறை எண்டு ரெண்டு தரம் சொன்னவர். ஆனா எழும்பிப் போகேல்லை. அப்பா தியாகராஜ பாகவதர் கேட்டு வளந்த மனுசன். அவர் கேட்டவர். நீங்கள் கேக்கேல்லை.

“தமிழில பாடேல்லையே?” பாடேல்லைத்தான். அதில வாழைப்பழத்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லித்தாற மாதிரி ஒரு சின்னத் துண்டு வருது. பாசை தெரியாமல் அகதியாப் போய் வகுப்பில முழிச்சுக்கொண்டு இருந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அது ஆற்ற கதை எண்டு சொல்லும். ‘பக்கி டன் கன்’ எண்ட பாட்டில கேக்கிறது பிரேசிலில ரியோ சேரியளின்ர தாளம். ‘சன்ஷவர்ஸ்’ பாட்டின்ர வீடியோவை, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின்ர பேர் வாற ஒரு வரிக்காக எம்.டி.வி. போட மறுத்தது. மாயா சங்கீதம் படிச்ச ஆளில்லை, படிச்சது சினிமா. ரோலண்ட் எம்சி-505 எண்ட தாளப்பெட்டியை வச்சுத் தட்டித் தொடங்கினவ. ‘கலாங்’ பாட்டு முதலில 2003 இல வெறும் 500 பிரதிதான் வந்தது. அந்தப் பாட்டு இருக்கிற ‘அருளர்’ அல்பம் பிரித்தானியாவின்ர மேர்க்குரி இசைப் பரிசுப் பட்டியல் வரைக்கும் போனது. பரிசு கிடைக்கேல்லை. உங்கட கணக்கில அதுவும் ஒரு குற்றமா இருக்கும்.

“துவக்கையும் புலியையும் அட்டையில அலங்காரமாப் போட்டவ, எங்கட சாவு அவவுக்கு ஃபாஷன்” எண்டு ஒரு தோழர் இன்பொக்சில எழுதினவர். அதில கொஞ்சம் ஞாயம் இருக்கு, எனக்கும் அந்த அட்டை உறுத்தினதுதான். ஆனா தென்னிந்திய நடிகர் துவக்கோட நிக்கிற கட்டவுட்டுக்குப் பால் ஊத்திற ஊரில இருந்துகொண்டு இதைக் கேக்கக் கூடாது. பாட்டுகளில கெட்ட வார்த்தை வருதாம். சாமத்திய வீடுகளில லவுட்ஸ்பீக்கரில போறதுகள் தேவாரமோ?

இன்னொண்டும் சொல்லத்தான் வேணும். இது ஒரு பொடியன் செய்த அல்பமா இருந்தா, “தகப்பன்ர பேரைக் காப்பாத்தினவன்” எண்டு அண்டைக்கு அதே மேடையில பொன்னாடை போத்தியிருப்பியள். பொம்பிளைப் பிள்ளை சத்தமாக் கதைச்சா அது கத்தல். அந்தத் தகப்பன் வீட்டில இல்லாத காலத்தில மூண்டு பிள்ளையளையும் வளத்தது தாய். தாயின்ர பேருக்கு 2007 இல அடுத்த அல்பம் மட்டும் காத்திருக்க வேண்டி வந்தது, ‘கலா’ எண்டு. இஞ்சயும் அப்பிடித்தானே. என்ர அம்மா நல்லாப் பாடுவா. கல்யாணத்துக்குப் பிறகு குசினிக்க மட்டும். ஆரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆரும் பாடச் சொல்லிக் கேக்கவும் இல்லை.

2009 இல ரகுமானோட சேந்து ஒஸ்கார் பட்டியலில பேர் வந்தோண்ண மட்டும் “எங்கட பிள்ளை” ஆனவ. அப்பவும் ‘அருளர்’ கேட்டிருக்கமாட்டியள். நாளைக்கு வேற ஏதும் விருது கிடைச்சா மாலையோட ஆர் முன்னுக்கு நிப்பினம் எண்டதும் எனக்குத் தெரியும்.

லிங்க் போடமாட்டன். தேடி எடுத்துக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு “சரியில்லை” எண்டு சொல்லுங்கோ, சண்டை பிடிப்பம். கேளாமல் வாற கொமெண்டுகளை அழிப்பன். அந்தப் பெடியனைத் தெரிஞ்ச ஆரும் இருந்தா, அவன் எழுதி வச்சிருக்கிற ரப் பாட்டு எல்லாத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ.