நாமினி போட்ட பிறகும் எதற்கு இந்த அலைச்சல்?

வங்கிக் கணக்கில் நாமினி பெயரைப் பதிவு செய்துவைத்த ஒருவர் இறந்துபோகிறார். அந்த நாமினி அவருடைய மனைவி. அப்படியிருக்க, அந்தப் பணத்தை வாங்க அந்த அம்மா ஏன் வாரிசு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும்? யாராவது பதில் சொல்லுங்கள்.

என் சித்தப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தையெல்லாம் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு, ஒவ்வொன்றிலும் சித்தியை நாமினியாக எழுதிவைத்தார். ரசீதிலேயே சித்தியின் பெயர் அச்சாகியிருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து, இறப்புச் சான்றிதழும் ஆதாரும் ரசீதுகளுமாகச் சித்தி கிளைக்குப் போனார். கவுன்டரில் கிடைத்த பதில் இது: "வாரிசு சான்றிதழ் கொண்டாங்கம்மா. அதுல இருக்கற எல்லாரும் கையெழுத்துப் போடணும். அப்புறம் ரெண்டு பேரு ஜாமீன் கையெழுத்துப் போடணும், அவங்களும் நம்ம பேங்க்ல கணக்கு வச்சிருக்கணும்."

"தம்பி, என் பேருதான் இதுலயே இருக்கே?"

"இருக்கும்மா. நாளைக்குப் பின்னாடி வேற வாரிசு வந்து கேட்டா நாங்க என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்குத்தான் சட்டம் எப்போதோ பதில் எழுதிவிட்டது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவின்படி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. வேறு வாரிசுக்கு உரிமை இருந்தால் அவர் நாமினியிடம்தான் கேட்க வேண்டும், வங்கியிடம் இல்லை. ரிசர்வ் வங்கி 2005 ஜூன் மாதமே சுற்றறிக்கை அனுப்பி, முறையான நாமினி இருந்து, நீதிமன்றத் தடை எதுவும் இல்லையென்றால், நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றோ, ப்ரொபேட்டோ (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று), பின்னால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்று எழுதித்தரும் ஈட்டுறுதிப் பத்திரமோ, ஜாமீனோ கேட்கக் கூடாது, தொகை எவ்வளவாக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டது. உரிமை கோரி வந்த 15 நாளுக்குள் முடித்துக்கொடுக்கவும் சொன்னது. இருபது வருஷம் ஆகிவிட்டது. ஒரு கிளை மேலாளர் இதைப் படிக்க இருபது வருஷம் போதாதா?

சரி, கேட்கிறார்களே என்று வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். இ-சேவை மையம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று அது ஒரு தனி அலைச்சல். வந்த சான்றிதழில் பாட்டியின் பெயரும் இருந்தது. இருக்கத்தான் வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசுதான். ஆனால் பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது, படுத்த படுக்கை. அவரை நேரில் கூட்டிவரச் சொன்னார்கள்! பெற்ற மகனைப் பறிகொடுத்த கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்து கைநாட்டு வைக்கச் சொல்வதற்கு மனசு எப்படி வருகிறது? சிங்கப்பூரில் இருக்கும் தங்கை, அதாவது சித்தப்பாவின் மகள், அங்கே இந்திய ஹைகமிஷனுக்குப் போய்ச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டுமாம். இவ்வளவும் ரசீதில் பெயர் அச்சாகியிருக்கும் ஒரு பெண்ணின் கையில் பணத்தைக் கொடுக்க.

எனக்கு இதைவிடப் பெரிய ஆத்திரம் இன்னொன்றில். கணக்குத் திறக்கும்போது இதே வங்கிகள் என்ன சொல்கின்றன? "நாமினி போட்டாச்சு சார், இனிமே ஃபேமிலிக்கு ஒரு கவலையும் இல்ல." நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான், சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று ஒருவரும் சொல்வதில்லை. உச்ச நீதிமன்றம் எல்ஐசி பாலிசி வழக்கில் 1983-இலேயே இதைச் சொன்னது. பங்குகள் விஷயத்திலும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் மறுபடி சொன்னது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்பா பங்குகள் வைத்திருந்த டீமேட் கணக்குக்கு மூத்த மகன் நாமினி. "அப்பா என் பேர்லதான் எழுதினார்" என்று இரண்டு தங்கைகளுக்கும் கையை விரித்துவிட்டான். அவர்களும் அதை நம்பிக்கொண்டு அழுகிறார்கள். பங்கு உண்டு, கேளுங்கள் என்று சொன்னால், "நாமினி அண்ணன்தானே" என்கிறார்கள். இந்தப் பொய்யை ஊர் முழுக்கப் பரப்பியது யார்?

என் சித்தப்பாவும் இதை நம்பித்தான் உயில் எழுதவில்லை. "அதான் எல்லாத்துலயும் நாமினி போட்டிருக்கேனே" என்பார். வீட்டுக்கு ஏது நாமினி? தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைத்திருக்கலாம். தனக்குப் பிறகு அது சித்திக்கு என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வாயால் சொன்னது சட்டத்தில் நிற்காது. இப்போது பாட்டிக்கும் சித்திக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்குச் சம பங்கு. பாட்டி உயில் எழுதாமல் போனால் அவருடைய பங்கு பெரியப்பாவுக்கும் அத்தைகளுக்கும், சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் பிரியும். அவர்கள் நல்லவர்கள், கேட்க மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்தால்தான் வீடு முழுசாகச் சித்தி பெயருக்கு வரும். சித்தப்பா ஓர் உயிலை வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டிருந்தால் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவுகூடக் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. "உயிரோட இருக்கும்போதே உயிலா" என்று வாயை அடைக்கும் உறவினர்களே, இறந்த பிறகு யார் வந்து எழுதுவது?

2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினிவரை போடலாம். அந்தச் செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது உத்தரவும் போட்டது: வங்கியால் தாமதமானால் வங்கியே இழப்பீடு தர வேண்டும். நல்லது. ஆனால் 2005 உத்தரவையே கவுன்டரில் மதிக்காதவர்கள் இதை மட்டும் மதிப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது? ஒவ்வொரு கிளையின் சுவரிலும் "நாமினிக்கு வாரிசு சான்றிதழ் தேவையில்லை" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கடன் விளம்பரம் ஒட்ட இடம் இருக்கிறதே.

வங்கிக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம்: எந்த விதியின் கீழ் இதைக் கேட்கிறீர்கள்? கடிதத்தை வாங்கியதற்கு முத்திரை வைக்கவே மேலாளர் தயங்கினார், விடவில்லை, வாங்கிக்கொண்டுதான் வந்தோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவோம். ஜாமீன் கையெழுத்துப் போடத் தயாராக இருந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.