அது தண்ணி இல்ல, பாதரசம்
ப்ரோ, பிரெஞ்சு டைரக்டர் ழான் காக்தோவோட 1950 படம் 'ஓர்ஃபே' பத்தி மேல போட்டுருக்கீங்களே, கண்ணாடிக்குள்ள கை போற ஷாட் தண்ணி தொட்டில எடுத்தது, கதை கிரேக்க புராணம் அப்படியேன்னு, கேன்ஸ் பட விழாலயும் ஆஸ்கார்லயும் ஜெயிச்சதுன்னு, மூணுமே தப்பு. அந்த க்ளோசப்ல இருக்கிறது பாதரசம். தண்ணின்னா உள்ள போன விரல் வெளிய தெரிஞ்சிடும்ல, பாதரசம் கைய முழுங்கிடும், மேல பிம்பம் மட்டும் நிக்கும், அதுவும் தண்ணிய விட 13 மடங்குக்கு மேல கனம்ங்கறதால லேசா அழுத்தித்தான் உள்ள விடணும், ரப்பர் கிளவுஸ் போட்ட அந்த கை தயங்கித் தயங்கி போறத இன்னொரு தடவ பாருங்க (இன்னைக்கு எவனும் செட்டுல அவ்ளோ பாதரசம் வைக்க விடமாட்டான், அது வேற).

அப்புறம் கதை. புராணத்துல ஓர்ஃபியஸ்ங்கிற பாடகன் செத்துப்போன பொண்டாட்டிய மீட்டுட்டு, பாதாளத்துலேர்ந்து வர்ற வழியிலயே திரும்பிப் பாத்து தொலைச்சிடுவான். இங்க படத்துல வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்துடுறான், மூஞ்சிய மட்டும் பாக்கக் கூடாது, அதனால ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒளிஞ்சு பிடிச்சு விளையாடுற மாதிரி அல்லாடுறாங்க, கடைசில கார் கண்ணாடில தெரியாம பாத்துட்டு தொலைக்கிறான். அதவிட பெரிய மாத்தம், இவன் லவ் பண்றதே மரணத்த, மரியா கஸாரஸ் பண்ண அந்த இளவரசி கேரக்டர். அவ தன்னையே பலி குடுத்து இவங்க ரெண்டு பேரையும் உயிரோட திருப்பி அனுப்புறா, புராணத்துல இது கிடையவே கிடையாது.

கேன்ஸ்ல பெரிய அவார்டும் ஆஸ்காரும் வாங்கினது 1959ல வந்த 'பிளாக் ஓர்ஃபியஸ்', மார்செல் காமு எடுத்தது, ரியோ கார்னிவல்ல நடக்குற கதை. அதையும் இதையும் போட்டு குழப்பிட்டீங்க.