நிலவுக்குப் போனது நாடகமா?

கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "1969இல் அமெரிக்கன் நிலவுக்குப் போகவே இல்லை, ஸ்டூடியோவில் எடுத்த படம். கொடி ஆடுறதைப் பாருங்கோ." இது பிழையான தகவல்.

காற்றில்லாத நிலவில் கொடி எப்படி ஆடும் என்பதுதான் அவர்களின் கேள்வி. கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி இருந்தது. கம்பத்தை முறுக்கி ஊன்றியபோதுதான் துணி ஆடியது. சரி, அதை விடுவோம். நிலவுக்கு ஆளனுப்பிய அப்பல்லோ திட்டத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேரின் வாயையும் எப்படிக் கட்டுவது? எங்கள் ஊரில் ஒரு கலியாணப் பேச்சு சந்திக் கடைக்கு வர இரண்டு நாள் பிடிக்காது! அணுகுண்டுத் திட்டத்தை அமெரிக்கா எவ்வளவோ பொத்திப் பொத்தித்தான் வைத்தது. உள்ளேயிருந்த விஞ்ஞானி கிளாவுஸ் ஃபூக்ஸ், 1945இல் குண்டு வெடிக்க முன்னமே விவரங்களைச் சோவியத்துக்குக் கொடுத்துவிட்டார். நிலவுப் போட்டியில் எதிராளியும் அதே சோவியத்துதான். ஏமாற்று என்றால் சும்மா இருந்திருக்குமா?

அரசுகள் எதையும் மறைப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. வன்னியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மறைத்தது கசியும்: வியட்நாம் போர் பற்றி அமெரிக்க அரசு சொன்ன பொய்கள் 1971இல் 'பென்டகன் ஆவணங்கள்' என்ற பாதுகாப்பு அமைச்சின் இரகசிய ஆவணங்களாக வெளியே வந்தன. நிலவுப் பயணத்திலிருந்து வெளியே வந்ததோ பொய் அல்ல, 382 கிலோ கல்லும் மண்ணும். அவற்றைப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் இன்னும் ஆராய்கின்றன.