செத்த தியேட்டரும் உயிரோடிருந்த தியேட்டரும்

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து ஃபாக்ஸ் தியேட்டருக்கு முதல்முறை கச்சேரி கேட்கப் போனபோது, பாதி நேரம் பாடுபவரைப் பார்க்கவே இல்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் தங்கப் பூச்சில் பிரம்மாண்டமாக உட்கார்ந்திருக்கும் உருவங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சாமி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நம் ஊர் ஸ்தபதி யாரும் சொந்தம் கொண்டாடவும் மாட்டார். 1928-ல் திறந்த சினிமா அரங்கு. பாக்தாத் என்றுதான் முதலில் பெயர் வைப்பதாக இருந்ததாம். கட்டியவர்களுக்கு இந்தியா, அரேபியா எல்லாம் ஒரே ஊர் போல.

1960-களில் மூடிய ஃபாக்ஸை 1996-ல் ஓக்லாந்து நகராட்சி 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2009-ல் இசை அரங்காகத் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பல பத்தாண்டுகளாகப் படமே ஓடாத இடத்தில் யாருடைய சீட்டைப் பிடுங்கினார்கள்?

மௌனப்பட காலத்து அரங்குகளில் திரையோடு மேடையும் இருக்கும், படத்துக்கு இசை வாசிக்க ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியமும் இருக்கும். படத்துக்கு நடுவே ஆட்டம் பாட்டம் நடந்த இடங்கள் அவை. அதனால் கச்சேரி அங்கே அந்நியம் இல்லை. (பால்கனிக்கு அடியில் நின்றால் பேஸ் கிடார் வெறும் உறுமலாகத்தான் கேட்கிறது, அது வேறு விஷயம்.)

ஆனால் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தியேட்டர் கதை அப்படியல்ல. 1922-ல் கட்டியது. படம் ஓடிக்கொண்டிருந்தது, படத்துக்கு முன்னால் ஆர்கன் வாசித்தார்கள், கூட்டமும் வந்தது. ஃபாக்ஸை நடத்தும் அதே அனதர் பிளானட் என்ற கச்சேரி நிறுவனம் 2022-ல் அங்கேயும் நுழைந்தது. கீழ்த்தளத்தின் நிலையான இருக்கைகளை எடுத்துவிட்டு, மோட்டாரில் ஏறி இறங்கும் தரை போடுவது திட்டம். சினிமா ரசிகர்கள் மல்லுக்கு நின்றார்கள். 2023-ல் நகர்மன்றமான மேற்பார்வையாளர் குழு நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது.

“கண்ணீர் விடுகிறவர்கள் எத்தனை டிக்கெட் வாங்கினீர்கள்?” என்று கேட்டால் எனக்கும் உறுத்தும். வருஷத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். பழைய கட்டடத்தைப் பராமரிக்கக் கச்சேரிக் காசு வேண்டும் என்பதும் சரி. ஆனாலும் செத்ததைப் பிழைக்கவைத்த மருந்தை, நடமாடிக்கொண்டிருந்த ஆளுக்கும் கொடுப்பானேன்?

“படம் போடுகிற அன்றைக்கு நாற்காலி போட்டுக்கொள்ளலாமே” என்கிறார்கள். சரி, போடலாம். செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 60 பேர் வருவோம். அந்த 60 பேருக்காக யார் தரையை இறக்கி, நாற்காலிகளை வரிசையாகப் போடப் போகிறார்கள்?