ஒரு லேப்டாப், ரெண்டு பேர்

ஸ்கூல் லீவு விட்டதிலிருந்து இன்பாக்ஸில் இதே கேள்விதான். "க்கா, நீங்க விளையாடுற அந்த கேமைத் தனியா விளையாடலாமா, கூட ஆள் வேணுமா?" ரெண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் விளையாடுவது பேட்டில் ஃபார் வெஸ்நோத் என்ற கணினிப் போர் விளையாட்டு. 2003-இல் டேவிட் ஒயிட் என்பவர் ஆரம்பித்தது. அப்புறம் பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கட்ட வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். என் படையை நகர்த்தி முடித்த பிறகுதான் எதிராளியின் முறை வரும். கைவேகம் தேவையில்லை, யோசிக்கத் தெரிந்தால் போதும்.

தனியாக ஆட கேம்பெயின்கள் இருக்கின்றன, ஒரே கதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல போர்கள் வரும். ஒரு போரில் உயிர் பிழைத்த வீரனை, வழக்கமாக 20 பொன் கொடுத்து, அடுத்த போருக்குத் திரும்ப அழைக்கலாம். அவன் சேர்த்த அனுபவமும் கூடவே வரும். நாலு போரில் கூட வந்தவன் செத்துப் போனால் மனசு கேட்காது. உடனே, முன்பு பதிந்து வைத்த சேவ் ஃபைலைத் திறந்து அந்தச் சுற்றை மறுபடி ஆடுவோம். நான் ரெண்டு வருஷம் இப்படித்தான் ஆடினேன். எல்லாப் போரிலும் ஜெயித்தேன், ஆனால் எங்கே தப்பு செய்கிறேன் என்று கடைசிவரை தெரியவில்லை. தப்பு நடந்த மறு நிமிஷமே அதை அழித்துவிட்டால் எப்படித் தெரியும்?

தெரிந்தது ஒரு தீபாவளிக்கு. கேஎல்லில் (கோலாலம்பூரில்) வேலை செய்யும் தம்பி இ.டி.எஸ் மின்சார ரயிலில் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்திருந்தான். வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப். லோக்கல் கேம் என்று ஒரு வசதி இருக்கிறது, ஹாட் சீட் என்பார்கள்: ஒரே கணினி, என் முறை முடிந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துகொள்ள வேண்டும், அவன் உட்காருவான். நான் லாயலிஸ்ட், அதாவது மனிதர்களின் படை; அவன் நார்தர்னர்ஸ், ஓர்க் என்னும் கற்பனை அரக்கர்களின் படை. முறுக்குத் தட்டு நடுவில்.

இந்த விளையாட்டில் பகலும் இரவும் மாறி மாறி வரும்; அது சாயங்காலச் சுற்று. ஆற்றைத் தாண்டிவிடலாம் என்று என் ஈட்டிக்காரனை ஆழமில்லாத தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஏம்மா, அவன ஏன் தண்ணிக்குள்ள நிக்க வைக்கிற?" அந்த விளையாட்டை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார். தண்ணீரில் நிற்கும் மனிதப் படைவீரனுக்குத் தற்காப்பு, அதாவது அடியிலிருந்து தப்பும் வாய்ப்பு, 20 சதவீதம்தான். கிராமத்துக் கட்டத்தில் நின்றால் 60. அது மட்டுமல்ல, இருட்டியதும் என் ஆட்களின் அடி 25 சதவீதம் குறையும், தம்பியின் ஓர்க்குகளுக்கு அதே அளவு கூடும். அவன் சத்தமே போடாமல் மூன்று ஓர்க்குகளை நகர்த்தினான். ஈட்டிக்காரன் காலி. என் கை தானாக சேவ் ஃபைலைத் தேடப் போனது. தம்பி என் முகத்தைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் யாரையும் ஆற்றுக்குள் நிறுத்தியதில்லை.

அப்பா எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர். கரித்துண்டால் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடியவர். மூன்று புலி, பதினைந்து ஆடு. "வெட்டுப்பட்ட ஆட்டத் திரும்ப வைக்க முடியாது, அதனாலதான் ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்து வைப்போம்" என்றார் அன்றைக்கு. இப்போது பேரனோடு வெஸ்நோத்தும் ஆடுகிறார், மவுஸ் பிடிப்பது மட்டும் பேரன்.

அதனால் என் பதில் இதுதான். விதிகள் பழகும்வரை தனியாக ஆடுங்கள், ஆனால் பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பாதீர்கள். பழகியதும் வீட்டிலேயே ஓர் ஆளைப் பிடியுங்கள். அடுத்தவர் யோசிக்கும் நேரத்தில் தேத்தண்ணி கலக்கலாம், பேசலாம், அவர் ஏன் அப்படி நகர்த்தினார் என்று கேட்கலாம். இணையச் சர்வரிலும் நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு. ஆனால் நேரக் கணக்கு வைத்த ஆட்டத்தில் புதிதாக வருபவருக்குப் படபடப்புத்தான் மிஞ்சும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். முறை வைத்து ஆடும் இன்னொரு கணினி விளையாட்டான சிவிலைசேஷனின் 6-ஆம் பாகத்தில் இருந்த ஹாட் சீட், 2025 பிப்ரவரியில் 7-ஆம் பாகம் வெளிவந்தபோது அதில் இல்லை. ரெண்டு பேர் ஆட ரெண்டு கணினி, ரெண்டு பிரதி என்றால், ஒரே லேப்டாப்பை மூன்று பிள்ளைகள் பங்கு போடும் அடுக்குமாடி வீட்டில் என்ன செய்வார்கள்? விளையாட்டு செய்கிறவர்கள் இந்த வசதியைச் சில்லறை விஷயமாக நினைக்கக் கூடாது.

தம்பி கேஎல் திரும்பிய பிறகும் நாங்கள் விடவில்லை. என் முறையை முடித்து சேவ் செய்து ஃபைலை வாட்சாப்பில் அனுப்புவேன். அவன் திறந்து ஆடிவிட்டு அனுப்புவான். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. அவன் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்துவிட்டு நல்லதை மட்டும் அனுப்பினால் எனக்குத் தெரியப்போவதில்லை. இதுவரை கேட்டதில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

இன்றைய ஃபைல் எட்டு மணிக்கே வந்துவிட்டது. ஒன்பதாவது சுற்று, இந்தத் தடவை என் ஆட்கள் எல்லோரும் கரையில்தான் நிற்கிறார்கள்.