'முடிவு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது

தேர்வு முடிவு என்கிறோம். முடிவு எடுத்தேன் என்றும் சொல்கிறோம். நாம் எடுத்ததற்கும் கடைசியில் வந்ததற்கும் ஒரே சொல். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பேக்கப் எடுக்காமலே லேப்டாப் இரண்டு வருஷம் ஓடிவிட்டால் அது நல்ல முடிவா? இல்லை, அதிர்ஷ்டம்.

விளைவு தெரிந்த பிறகு, 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மனசு கதை கட்டும். 1975-இல் உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் இதைச் சோதித்துக் காட்டினார். விளைவைச் சொல்லிவிட்டுக் கேட்டால், சொல்லாவிட்டாலும் அப்படித்தான் கணித்திருப்போம் என்று ஆட்கள் உண்மையாகவே நம்பினார்கள். அதனால் நினைவை நம்பிப் பாடம் கற்க முடியாது. முடிவெடுக்கும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம், ஒரு வாரத்தில் சலித்துவிடும். எளிதில் திரும்ப முடியாதவை மட்டும் போதும்: வேலை மாற்றம், பெரிய கடன், கூட்டாளி சேர்ப்பது. தேதி, எடுத்த முடிவு, தள்ளிவிட்ட வேறு வழிகள், எதிர்பார்ப்பு, அது நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பது. 'நல்லா போகும்' என்று எழுதினால் வீண், அதைச் சரிபார்க்கவே முடியாது. '6 மாதத்தில் தனி டீம் கையில் வரும், 70%' என்று எழுதினால் தப்பிக்க வழியில்லை.

அதன் கீழேயே நிறுத்தும் கோடு ஒன்றும் வேண்டும்: 'எந்தத் தேதிக்குள் எது நடக்காவிட்டால் விடுவேன்?' பலர் சறுக்குவது இங்கேதான். பணமும் உழைப்பும் போட்ட பிறகு யோசித்தால், 'இவ்வளவு போட்டாச்சே' என்ற எண்ணம்தான் பேசும். போட்டது எப்படியும் திரும்பாது. இனி போடப்போவதுதான் கணக்கு. கையிலிருந்து பணம் போகுமுன் இந்தக் கோட்டைப் போடுங்கள்.

இந்தக் கணிப்புகளுக்கு மதிப்பெண் போட, வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதிலிருந்து உங்கள் கணிப்பைக் கழித்து வர்க்கப்படுத்துங்கள். 90%, அதாவது 0.9 என்று சொன்னது நடக்காவிட்டால் 0.81, 60% என்றிருந்தால் 0.36. குறைய குறைய நல்லது. எதற்கும் 50% என்றே சொல்பவருக்கு எப்போதும் 0.25 வரும். உங்கள் சராசரி அதைவிட அதிகமென்றால், அனுபவம் என்று நீங்கள் நினைப்பது வெறும் தைரியம்தான்.

நாலைந்து பதிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 80% என்று எழுதியவை இருபது சேரட்டும். சுமார் 16 நடந்திருக்க வேண்டும். 11தான் நடந்திருக்கிறதா? அடுத்த முறை பேனா 80 என்று எழுதப் போகும்போது 60 அருகே நிறுத்திவிட்டு, அந்த 60-க்கும் கடன் வாங்குவீர்களா என்று பாருங்கள்.