இலவச இடம் மட்டும் போதுமா?

ஆய்வுக்கான நூல் விவரங்களையும் மேற்கோள்களையும் தொகுத்துத் தரும் மென்பொருள்களைப் பற்றிய கட்டுரை ஒன்று, இணையத்தில் இலவச இடம் அதிகம் என்பதற்காக மெண்டலேயைப் (Mendeley) பரிந்துரைக்கிறது. அங்கே 2 ஜிபி, அதே வேலையைச் செய்யும் ஜொடேரோவில் (Zotero) 300 எம்பி. ஆனால் அந்த 300 எம்பி, இணையத்தில் சேமிக்கும் பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்குத்தான். நூல் விவரங்கள் அந்தக் கணக்கில் வராது. கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் சல்லிக்காசு தர வேண்டாம். மெண்டலே 2013 முதல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. என் வாசிப்புக் குறிப்புகளை ஒரு பதிப்பகத்திடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

கட்டுரை தொடாத சிக்கல் ஒன்று உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஜொடேரோவில் ஆசிரியர் பெயரை, குடும்பப் பெயருக்குத் தனிப் பெட்டி கேட்கும் இரட்டைப் பெட்டியிலிருந்து ஒற்றைப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டால், தலைகீழாகத் திருப்பாமல் எழுதியபடியே அச்சிடுகிறது. தமிழாய்வு மாணவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. இதே வேலைக்கான கட்டண மென்பொருள் எண்ட்நோட் (EndNote)? பல்கலைக்கழகம் வாங்கித் தந்தால் பார்க்கலாம்.